சாம்பல் சட்டைக்காரி

அக்கா போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக ஆறுதல் சொன்னார்கள். அதில் அத்தை சொன்னது மட்டும் மனதில் தங்கிவிட்டது. அத்தை அப்பாவின் தங்கை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பாவம், கடைசி வரைக்கும் ஒரு நல்ல கலர்ல உடுத்திக்கூடப் பாக்கலையே அவ" என்றார். அதோடு விடவில்லை. "பெரிசா போட்டோ மாட்டப் போறீங்கல்ல? நீதான் கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் மாத்துவியே. சட்டைக்கு நல்ல கலரா ஒண்ணு போட்டுக் குடுத்துடேன். பாக்கறவங்களுக்கும் நிறைவா இருக்கும்."

அத்தை அப்படி நினைத்ததில் தப்பில்லை. வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அக்கா சாம்பல் நிறம்தான் உடுத்தினாள். என் கல்யாணத்துக்கும் அப்படியே வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அவளை மண்டபத்து வேலையாள் என்று நினைத்து, ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னார். அவளும் போய் வைத்துவிட்டு வந்தாள்.

அவள் தொழில் அப்படி. படம் எடுப்பவர்கள் கொண்டு வரும் காட்சிகளுக்கு நிறம் திருத்துவது அவள் வேலை. ஒரே உரையாடலில் ஒருவர் முகம் வெயிலில் இருக்கும், பதில் சொல்பவர் முகம் மேகத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே பிற்பகலுக்குக் கொண்டு வந்து சேர்ப்பாள். அந்த வேலைக்குக் கண்ணைச் சுற்றி வேறு நிறமே இருக்கக் கூடாது. சிவப்புச் சட்டையோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தால், அந்தச் சிவப்பு திரையில் பட்டுத் திரும்பும். கண் அதைச் சரிக்கட்டப் பார்க்கும். கடைசியில் படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பச்சை பிடித்துப் போவார்கள். சாம்பல் நிறம் எந்தப் பக்கமும் சாயாது. அதனால் சுவர், திரைச்சீலை, நாற்காலி உறை, சட்டை எல்லாம் சாம்பல்.

எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. படியேறும்போதே ரப்பர் வாசனை கூட வரும். முதலில் அந்த அறைக்கு வண்ணம் அடிக்க வந்த பெயின்டர், நாலு சுவரும் சாம்பல் அடித்து முடித்துவிட்டுப் போனவர், மறுநாள் காலை புது டப்பாவோடு வந்து நின்றார். "அடிப்பூச்சு காஞ்சிடுச்சும்மா. மேல என்ன கலர்?" என்றார். இதுதான் கலர் என்று அக்கா சொன்னதும், சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த அறையில் நாங்கள் மூன்று பேர். அக்கா நிறம். நான் காட்சிகளில் இருக்கக் கூடாததை அழிப்பவள். கயிறு, மைக், தெருவில் எட்டிப் பார்க்கும் ஆள் என்று எல்லாவற்றையும் துடைப்பேன். படித்தது வரலாறு, செய்தது தடயம் அழிக்கிற வேலை என்று அக்கா கேலி செய்வாள். மூன்றாவது ஆள் அனிமேஷன் செய்பவன். அவனை நாங்கள் பொம்மை என்றுதான் கூப்பிடுவோம். மேசை நிறைய பொம்மைகளை நிறுத்தி வைத்திருந்தான். சிவப்பும் மஞ்சளுமாக இருந்த அவற்றின் மேல் அக்கா ஒரு சாம்பல் துணியைப் போர்த்திவிட்டாள். "குழந்தைங்க தூங்கட்டும்" என்றாள்.

அப்போது ஓர் இயக்குநர் தன் முதல் படத்தை எங்களிடம் கொடுத்திருந்தார். ஆற்றில் படகு ஓட்டும் ஒரு குடும்பத்தின் கதை. வீட்டு நகையை வைத்துப் படம் எடுத்தவர் என்பதால் எதையும் தயங்கித் தயங்கித்தான் சொல்வார். முதல் பாதியைப் போட்டுக் காட்டியதும் நாடியைத் தடவிக்கொண்டே, "நல்லா இருக்கு அக்கா. ஆனா எல்லாரும் கொஞ்சம் குளிர்ல நிக்கிற மாதிரி இருக்காங்களோ?" என்றார்.

"கதை நடக்கறது கோடையிலதானே?" என்றாள் அக்கா.

"அதான் கேட்டேன்."

அவர் போனதும் அக்கா திரையை அளந்தாள். அதற்கென்று ஒரு கருவி உண்டு. திரையில் சிலந்தி மாதிரி ஒட்டிக்கொண்டு உட்காரும். திரை சரியாக இருக்கிறது என்றது சிலந்தி. அப்படியானால் சாப்ட்வேர்தான் என்று அக்கா முடிவு கட்டினாள். அந்தப் பழைய சாப்ட்வேரும் புது கேமராக்களின் காட்சிகளைத் திறக்கவே முக்கி முனகிக் கொண்டிருந்தது. மேலும் நாங்கள் மூவரும் மூன்று சாப்ட்வேரில் வேலை செய்தோம். பொம்மை ஒரு படகை அசைய வைத்தால், அது என் கைக்கு வந்து, என்னிடமிருந்து அக்காவிடம் போய்ச் சேருவதற்குள் தண்ணீரின் நிறம் இரண்டு தடவை மாறிவிடும். மூன்று வேலைக்கும் ஒரே இடமாக ஒன்றைப் பார்த்துவிடுவது என்று ஆரம்பித்தோம்.

"மாப்பிள்ளை பாக்கலாம்னா மாட்டேன்னுட்டா. இப்ப சாப்ட்வேர் பாக்கறாளாம்" என்றார் அம்மா.

அக்கா ஒரு சாப்ட்வேரைப் பார்க்கும் விதமே தனி. விற்க வருபவர்கள் கையோடு அழகான காட்சிகளைக் கொண்டு வருவார்கள். அந்தி வானம், ஓடும் குதிரை, கூந்தல் பறக்கும் பெண். அதையெல்லாம் அவள் பார்க்கவே மாட்டாள். "நல்லா எடுத்ததை நல்லா காட்டறதுக்கு சாப்ட்வேர் எதுக்கு?" என்பாள். அவளிடம் ஒரு பழைய காட்சி இருந்தது. அப்பா சமையலறை ஜன்னலோரம் நின்று ஆரஞ்சு உரிக்கிறார். முகத்தின் ஒரு பாதியில் ஜன்னல் வெளிச்சம், மறு பாதியில் டியூப் லைட். எந்தக் கொம்பன் சாப்ட்வேரும் அங்கே திணறும். அப்பாவின் தோல் நிறம் அவளுக்கு மனப்பாடம் என்பதால் தப்பு உடனே தெரிந்துவிடும். ஊரில் விற்பனைக்கு வந்த எல்லா சாப்ட்வேருக்குள்ளும் அப்பா ஒரு தடவையாவது போய் வந்திருக்கிறார். உயிரோடு இருந்தபோது அவர் அவ்வளவு அலைந்ததில்லை.

அதற்கடுத்தது பிளக். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். "விழுந்தா எப்படி எழுந்திருக்கறான்னு பாக்கணும்" என்பாள். மூன்றாவது கேள்விதான் அவளுக்கு முக்கியம். "உள்ள வர்ற வழிய எல்லாரும் காட்டுவீங்க. நாளைக்கு நாங்க வேற இடத்துக்குப் போகணும்னா, செஞ்ச வேலைய எடுத்துக்கிட்டு வெளிய போற வழி எங்க இருக்கு?" இதற்குப் பாதிப் பேர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தத் தடவை புது கேமராவின் காட்சி வேண்டியிருந்தது. அப்பா காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. அதனால் அதே ஜன்னல், அதே டியூப் லைட், அப்பா நின்ற இடத்தில் அக்காவே போய் ஆரஞ்சோடு நின்றாள். நான்தான் படம் பிடித்தேன். "முகத்துக்கு முகமும் ஆச்சு. என் சட்டையே சாம்பல், அதை வெச்சே மத்ததை அளந்துடலாம்" என்றாள். அளப்பது எளிது. படத்தில் எது சாம்பல் என்று தெரிந்தால், அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். சாப்ட்வேர் அதை நடுவாக வைத்து மற்ற நிறங்களைச் சரி செய்துகொள்ளும்.

முதல் சாப்ட்வேரில் சட்டையைத் தொட்டாள். படம் முழுக்க ஆரஞ்சு அடித்தது. "இவன் வேண்டாம்" என்றாள். இரண்டாவதிலும் அப்படியே. அவள் முகம் மஞ்சள் காமாலை வந்தது போல ஆனது. "இவனுக்கும் கண்ணு சரியில்ல" என்றாள்.

மூன்றாவதைக் கொண்டு வந்தவரை நாங்கள் டை என்போம். எந்த வெயிலிலும் கழுத்தில் டை இல்லாமல் வந்ததில்லை. அன்று சிவப்பு டை.

"டையைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றாள் அக்கா.

"மேடம், இது கம்பெனி டை."

"கம்பெனிய பாக்கெட்ல வெச்சுக்குங்க."

அவர் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய சாப்ட்வேர் பார்க்கச் சுமார்தான். பொத்தான்கள் எல்லாம் அரசாங்க அலுவலகம் மாதிரி இருந்தன. ஆனால் என் வேலை, பொம்மையின் வேலை, அக்காவின் வேலை மூன்றும் அதில் ஒரே கோப்பில் இருந்தன; ஒருவர் கை வைத்தது மற்றவருக்கு அப்போதே தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். டை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மறுபடி மின்சாரம் கொடுத்ததும் விட்ட இடத்தில் அப்படியே எழுந்து நின்றது. பொம்மை என்னைப் பார்த்துக் கண்ணால் சரி என்றான்.

பிறகு அக்கா சட்டையைத் தொட்டாள். படம் ஆரஞ்சாகப் போனது.

"ச்சே. இவ்வளவு நல்லா வந்துட்டு இங்க வந்து சறுக்கறானே."

டை திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. சாம்பலா இருக்கற இடத்தைத் தொட்டாத்தான் சரியா வரும்."

"சாம்பலைத்தானே தொட்டேன்."

"நீங்க தொட்டது சட்டை, மேடம்."

"சட்டை சாம்பல்தானே."

"சட்டை நீலம், மேடம்."

பொம்மை மேசையில் ஏதோ தேட ஆரம்பித்தான். அக்கா சிரித்தாள். "ஏங்க, இத்தனை வருஷமா சாம்பலைப் பாத்தே பொழைக்கறேன். எனக்கே சாம்பல் சொல்லித் தர்றீங்களா?" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். அன்றும் அதே சட்டையைத்தான் போட்டிருந்தாள். நான் குனிந்து கீபோர்டைத் துடைப்பதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"ஏன்டி. இது என்ன கலர்?"

"நீலம், அக்கா."

"எப்பலேர்ந்து?"

கொஞ்ச காலமாகவே அவள் வாங்கி வந்த சட்டைகள் எல்லாம் நீலமாகத்தான் இருந்தன. வெளிர் நீலம், புகை கலந்த நீலம், ஒன்று நல்ல வானம். முதல் சட்டையை அவள் வீட்டில் பிரித்தபோது அம்மா என் கையை அழுத்தினார். உள்ளே இழுத்துப் போய், "எதுவும் கேட்டுடாத. கேட்டா திரும்ப சாம்பலுக்குப் போயிடுவா. இப்பதான் மனசு கொஞ்சம் மலர்ந்திருக்கு" என்றார். பொம்மையிடமும் சொல்லி வைத்தோம். ஜன்னலோரத்தில் அவளே சாம்பல் என்றபோதும், நீலம் என்று ஒத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறாள் என்றே நினைத்தேன். ஒரு வீடே சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டுக் கொண்டிருந்தது.

அக்கா திரும்பிப் படகுக்காரர் படத்தைத் திறந்தாள். திரையின் ஓரத்தில் நிறங்களை வரைபடமாகக் காட்டும் சிறு கட்டம் ஒன்று உண்டு. புதிதாகத் தொழில் கற்பவர்கள் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். அக்கா அதை மூடி வைத்து வெகு காலம் ஆகியிருந்தது. இப்போது திறந்தாள். படகுக்காரர், மனைவி, மகள், கரை, எல்லாமே நீலத்தின் பக்கம் சரிந்து கிடந்தன.

"சாப்ட்வேர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கண்ணுதான் பழைய வெர்ஷன்."

டையை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அக்கா படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக் கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கு வேற வேலை தெரியாதுடி" என்றாள். அவள் அதைப் புலம்பலாகச் சொல்லவில்லை.

கண் டாக்டர் புரை என்றார். வர வேண்டிய வயதுக்குச் சற்று முன்னாலேயே வந்துவிட்டது, மஞ்சள் கண்ணாடி மாட்டியது போல இருக்கும், ஆனால் மெல்ல மெல்ல ஏறுவதால் தெரியாது, அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஒரு லென்ஸ் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. புது லென்ஸ் வழியாகத் தெரிவதும் ஊரார் பார்க்கும் நிறமும் ஒன்றாக இருக்குமா என்பது அவள் கவலை. இல்லையென்றால் அந்த நாற்காலியில் உட்கார அவளுக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

டாக்டரை அவள் விசாரித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

"இந்த லென்ஸ் தெளிவா இருக்குமா, மஞ்சளா இருக்குமா?"

"ரெண்டு வகையும் இருக்கும்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"தெளிவானது வைங்க. ரெண்டு கண்ணுக்கும் ஒரே கம்பெனி. அப்புறம், சரிப்பட்டு வரலைன்னா வெளிய எடுக்க முடியுமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எடுக்கலாம். ஆனா லேசுப்பட்ட காரியம் இல்ல."

"பரவாயில்ல, உண்மைய சொன்னீங்க. வைங்க" என்றாள்.

அறுவைக்கு முன் படகுப் படத்தை முடித்துக் கொடுத்தாக வேண்டும். திரையிடும் தேதி குறித்தாகிவிட்டது. இயக்குநரைக் கூப்பிட்டு அக்கா நடந்ததைச் சொன்னாள். வேறு ஆளிடம் கொடுப்பதானால் கொடுக்கலாம் என்றாள். அவர் நாடியைத் தடவிக்கொண்டே, "நீங்க பக்கத்துல உக்காந்தாப் போதும் அக்கா" என்றார். அன்றே டையைக் கூப்பிட்டு அவருடைய சாப்ட்வேரை எடுத்துக்கொண்டோம். அழகுக்காக இல்லை, வேகத்துக்காகவும் இல்லை. அதில் அந்த வரைபடத்தைப் பாதித் திரைக்குப் பெரிதாக்க முடிந்தது. என்னால் என் மேசையிலிருந்தே அவள் கோப்புக்குள் போய் உட்கார முடிந்தது. "என் கண்ணு பொய் சொன்னா இது காட்டிக் குடுக்கும். இதுவும் பொய் சொன்னா நீங்க இருக்கீங்க" என்றாள்.

அந்த வேலை நடந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவள் வரைபடத்தைப் பார்த்து நிறத்தை நகர்த்துவாள். "தங்கச்சி, மகள் பாவாடை?" "வெள்ளை, அக்கா." "சுத்த வெள்ளையா, துவைச்ச வெள்ளையா?" "துவைச்ச வெள்ளை." "பொம்மை, நீ சொல்லு." "நல்லா துவைச்ச வெள்ளைக்கா." "உங்க ரெண்டு பேரையும் சேத்தா ஒரு கண்ணு தேறும்" என்பாள். படம் முடிந்தது. இயக்குநர் பார்த்துவிட்டுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். "வெயில் அடிக்குதுக்கா" என்றார்.

முதலில் ஒரு கண்ணுக்குத்தான் செய்தார்கள். கட்டைப் பிரித்த பிறகு வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணை மூடுவதுமாக வந்தாள். "இந்தக் கண்ணுல சாயங்காலம். இந்தக் கண்ணுல விடிகாலை" என்றாள். வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரியைத் திறந்தாள். நாங்கள் வாசலில் வரிசையாக நின்றோம். பிறகு ஒவ்வொரு சட்டையாகக் கட்டிலில் எடுத்துப் போட்டாள்.

"இது நீலம். இது நீலம். இது... அம்மா, இதைப் போட்டுக்கிட்டா நான் பேங்க் வரைக்கும் போய் வந்தேன்?"

"ரொம்ப லட்சணமா இருந்தே" என்றார் அம்மா.

"ஏன்மா, யாராவது ஒருத்தர் சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட்டுடுவியே" என்றார் அம்மா. அக்கா கட்டிலில் உட்கார்ந்து, சட்டைகளை மடியில் வாரிப் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, டாக்டர் சிரிக்கக் கூடாது என்று சொன்னதையும் மறந்து சிரித்தாள்.

இரண்டாவது கண்ணும் சரியானதும் முதல் வேலையாக ஜன்னலோரக் காட்சியைத் திறந்தாள். வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, கண்ணை மட்டும் நம்பி, தன் முகத்தின் நிறத்தைத் திருத்தினாள். எங்களை அறைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டாள். முடித்த பிறகு வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். கதவைத் திறந்து, "உள்ள வாங்க, வேலையப் பாருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், எங்களுக்குப் போதுமாக இருந்தது. அதன் பிறகு பல வருஷம் அந்த நாற்காலி அவளுடையதாகவே இருந்தது. வேலைக்குப் பழையபடி சாம்பல் உடுத்தினாள். நீலச் சட்டைகளைத் தூக்கிப் போடவில்லை; கிழியும் வரை வீட்டில் போட்டுக்கொண்டாள்.

போன மாதம் இதயம் நின்றது. சிரமப்படவில்லை என்றார்கள். நன்றி சொல்ல அதுவும் ஒன்று. பாதியில் விட்டுப் போன ஒரு படம் இருந்தது. அவள் தேர்ந்தெடுத்த அந்த அரசாங்க அலுவலக சாப்ட்வேரைத் தயங்கித் தயங்கித் திறந்தேன். விட்ட இடத்தில் அப்படியே எழுந்து நின்றது. நானும் பொம்மையும் மீதியைச் செய்துகொண்டிருக்கிறோம். "துவைச்ச வெள்ளையா?" என்று அவன் கேட்கிறான். நான் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். துக்கத்துக்கு வந்தபோது டை வாசலிலேயே ஒரு கணம் நின்று கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று சாம்பல் நிற டை கட்டியிருந்தார்.

போட்டோவுக்கு அந்த ஜன்னலோரக் காட்சியிலிருந்து ஒரு பிரேமைத்தான் எடுத்தேன். கையில் பாதி உரித்த ஆரஞ்சு, முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம். அவள் திருத்திய நிறத்தில் நான் கை வைக்கவில்லை. சட்டகம் போட்டு மாட்டிய அன்று அத்தை வந்தார். கண்ணாடியை மூக்கில் சரி செய்துகொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல. இந்த நீலம் அவளுக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நான் எதுவும் போடல அத்தை. அது அவ சட்டை."

"சும்மா சொல்லாதடி. அவ எப்ப நீலம் உடுத்தினா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து அம்மா சொன்னார். "உடுத்தினா, உடுத்தினா. நான்தானே துவைச்சுப் போட்டேன்."